பிள்ளையை உக்ரைனிய நடனக் குழுவில் சேர்க்குமுன்

கேள்வி: நாங்கள் எட்மன்டனில் வசிக்கும் தமிழ்க் குடும்பம். என் மகளுக்கு 7 வயது. இரண்டு ஆண்டாகப் பரதம் கற்கிறாள். ஆகஸ்டில் நடந்த பாரம்பரிய விழாவில் அவளுடைய பள்ளித் தோழி உக்ரைனிய நடனம் ஆடியதைப் பார்த்தாள். அன்றிலிருந்து தானும் அதில் சேர வேண்டும் என்கிறாள். 10 வயது மகனுக்கும் அந்தத் தாவலும் குந்தி உதைப்பதும் பிடித்துவிட்டது. நாங்கள் உக்ரைனியர் இல்லையே, சேர்த்துக்கொள்வார்களா? எவ்வளவு செலவாகும், எவ்வளவு நேரம் போகும்? பரதம் கெட்டுவிடுமா? பிள்ளைகளின் முழங்காலுக்கு ஆபத்து உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சேர்த்துக்கொள்வார்கள். அதில் தயக்கமே வேண்டாம். கனடாவின் சமவெளி மாகாணங்களில் இந்தக் குழுக்களுக்குப் போனால் பாட்டி வழியில் மட்டும் உக்ரைனியத் தொடர்புள்ள பிள்ளைகளையும், எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளைகளையும் பார்க்கலாம். மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. அடிகளின் பெயர்கள் மட்டும் உக்ரைனிய மொழியில் இருக்கும். இரண்டு மாதத்தில் அவை உங்கள் மகளின் வாயில் தானாக வரும்.

உங்கள் ஊரில் இத்தனை குழுக்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1891இல் முதல் உக்ரைனியக் குடியேறிகள் கனடா வந்தார்கள். பின்னால் வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா மாகாணங்களில் நிலம் பெற்று உழுதார்கள். 1925இன் கடைசியில் வசீல் அவ்ரமென்கோ என்ற நடன ஆசிரியர் கனடாவுக்கு வந்து, ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகள் தொடங்கினார். கிராமத்துத் திண்ணையிலும் கல்யாண வீட்டிலும் ஆடிய ஆட்டம் மேடைக்கு வந்தது அப்படித்தான். எட்மன்டனில் ஷும்கா குழு 1959இலும் செரெமோஷ் 1969இலும் தொடங்கின. அவற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று சின்னக் குழுக்களில் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ஆகவே உங்கள் மகள் சேரப்போவது நூறு ஆண்டுத் தொடர்ச்சி உள்ள ஒரு பயிற்சி முறையில்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பரத வகுப்பு என்றால் ஒரு குரு இருப்பார், நீங்கள் கட்டணம் கட்டுவீர்கள், பிள்ளையை விட்டுவிட்டு வந்துவிடலாம். இங்கே பெரும்பாலான குழுக்கள் பெற்றோர் நடத்தும் சங்கங்கள். தலைவர், பொருளாளர், பதிவாளர், ஆடைப் பொறுப்பாளர் என்று எல்லாருமே சம்பளம் வாங்காத அம்மா அப்பாக்கள். ஆசிரியரை நியமிப்பதும் மண்டபம் பிடிப்பதும் துணி தைக்கக் கொடுப்பதும் அவர்கள்தான். கட்டணம் குறைவாக இருப்பதற்குக் காரணம் அந்த இலவச உழைப்பு. நீங்கள் சேரும்போது உங்கள் கைகளும் கணக்கில் சேரும்.

செலவை எடுத்துக்கொண்டால், சிறு பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு சில நூறு டாலர் கட்டணம் இருக்கும். வயதும் வாராந்தர வகுப்புகளும் கூடக் கூட அது ஏறும். இரண்டாம் பிள்ளைக்குக் கழிவு உண்டா என்று கேளுங்கள், பல குழுக்களில் உண்டு. பதிவு நாளன்று கட்டணத்தோடு பின்தேதியிட்ட இரண்டு மூன்று செக் கேட்பார்கள். ஒன்று ஆடைக்கான வைப்பு. மற்றது தன்னார்வ வேலைக்கானது: சொன்ன மணிநேரம் வேலை செய்தால் செக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், செய்யாவிட்டால் வங்கியில் போடுவார்கள். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மே மாதத்தில் வருந்தும் குடும்பங்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. எத்தனை மணிநேரம், எந்த வேலை கணக்கில் வரும், செக்கை எந்தத் தேதியில் போடுவார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்குள் விலகினால் பணம் திரும்பும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

உங்கள் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இன்னொரு வழக்கம் உண்டு, புதிதாக வருபவர்கள் திகைத்துப் போவார்கள். லாப நோக்கற்ற சங்கங்கள் மாகாண அரசின் உரிமத்தோடு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டு நாள் கேசினோவில் தன்னார்வலர்களை நிறுத்தி, அந்த வருமானத்தில் பங்கு பெறலாம். நடனக் குழுவின் பூட்ஸும் உடுப்பும் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் வாங்கப்படுகின்றன. நீங்கள் சூதாட வேண்டியதில்லை. சிப் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) எடுத்துப் போவது, காசாளர் கூண்டில் நிற்பது, இரவு எண்ணும் அறையில் பணம் எண்ணுவது போன்ற வேலைகள்தான். எண்ணும் அறை முறை நள்ளிரவைத் தாண்டி முடியும் என்பதால் மறுநாள் காலை வேலை இருப்பவர்கள் அதை எடுக்க வேண்டாம். சூதாட்ட இடத்துக்கே போக மனம் ஒப்பவில்லை என்றால் பதிவு நாளிலேயே சொல்லுங்கள், வேறு வேலை தருவார்கள். கடைசி வாரத்தில் சொன்னால்தான் மனக்கசப்பு வரும்.

இன்னொரு நிதி திரட்டல் பிரோஹி பிடிப்பது. உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து மடித்த கொழுக்கட்டை போன்ற பண்டம், கடைகளில் பெரோகி என்று பார்த்திருப்பீர்கள். ஒரு சனிக்கிழமை காலை இருபது முப்பது பேர் மண்டபச் சமையலறையில் நின்று நூற்றுக்கணக்கான டஜன் பிடிப்பார்கள். சோமாசி ஓரம் மடிக்கத் தெரிந்த கைக்கு இது பழகிய வேலைதான். ஓரத்தில் துளி பூரணம் பட்டாலும் மாவு ஒட்டாது, கொதிநீரில் வாய் திறந்துவிடும். அதனால் விரலை மாவில் தொட்டுத் தொட்டுக் கிள்ள வேண்டும். பிடித்ததை ஒன்றோடொன்று முட்டாமல் தட்டில் பரப்பி உறைய வைத்த பிறகுதான் பையில் போடுவார்கள். அவசரப்பட்டு முன்பே போட்டால் மொத்தமும் ஒரே கட்டியாகிவிடும். மற்ற பெற்றோரோடு பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் ஆண்டில் ஒரு வேலைதான் முடியும் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள்.

ஆண்டு எப்படி ஓடும் என்று பார்ப்போம். பதிவு மே, ஜூனிலோ ஆகஸ்ட் இறுதியிலோ நடக்கும். வகுப்பு செப்டம்பரில் தொடங்கி மே வரை. 3, 4 வயதினருக்கு வாரம் ஒருமுறை அரை மணி முதல் முக்கால் மணி. உங்கள் மகள் வயதுக்குப் பொதுவாக வாரத்துக்கு ஒரு மணிநேரம். 10 வயதுக்கு மேல் சில குழுக்களில் வாரம் இரண்டு வகுப்புகள். அக்டோபர் வாக்கில் உடுப்புக்கு அளவெடுப்பார்கள். நவம்பர் வரை வெறும் அடிப்படை அடிகள், பிறகுதான் நடன அமைப்பு. 'இரண்டு மாதமாகப் போகிறாள், இன்னும் ஒரு நடனம்கூடத் தெரியவில்லை' என்று பெற்றோர் குறைப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். அடி உறுதியாகாமல் அமைப்பைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் காலைப் பார்த்தே ஆடப் பழகிவிடும், அந்தப் பழக்கத்தை மாற்றப் பிறகு ஓர் ஆண்டு பிடிக்கும்.

ஜனவரியில் மலங்கா வரும். பழைய (ஜூலியன்) நாட்காட்டியின் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, ஜனவரி 13. அதையொட்டிய ஒரு சனிக்கிழமையில் விருந்தும் ஆட்டமும் வைப்பார்கள். சிறு பிள்ளைகள் மாலையிலேயே ஆடிவிடுவார்கள். இரவு கொலொமிக்கா என்ற வட்ட ஆட்டம் தொடங்கும்போது எல்லாரும் வட்டமாக நிற்க, நடுவில் ஒவ்வொருவராக வந்து தங்கள் வித்தையைக் காட்டுவார்கள். அதுவரை இருந்து பார்த்துவிட்டு வாருங்கள். மேடையில் பார்க்கும் அடிகளெல்லாம் எதற்காக என்பது பிள்ளைகளுக்கு அங்கேதான் புரியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போட்டி விழாக்கள். மே மாதத்தில் ஆண்டு நிறைவு நிகழ்ச்சி. கோடையிலும் அழைப்பு வரலாம். எட்மன்டனுக்குக் கிழக்கே உள்ள உக்ரைனியப் பண்பாட்டு மரபுக் கிராமம், ஜூலையில் வெக்ரவில் ஊரின் பிசாங்கா (வண்ண வேலை செய்த முட்டை) விழா போன்ற இடங்களில் குழுக்கள் ஆடுகின்றன. விடுமுறைக்கு ஊருக்குப் போக விமானச்சீட்டு எடுக்குமுன் குழுவின் நாட்காட்டியைப் பார்த்துவிடுங்கள்.

வருகையில் ஏன் இத்தனை கண்டிப்பு என்று தோன்றும். தனி நடனத்தில் ஒருவர் வராவிட்டால் அந்த ஒருவருக்குத்தான் நட்டம். இங்கே 16 பேர் சேர்ந்து ஒரு வட்டமாகவோ காற்றாடியின் கைகளாகவோ சுழல வேண்டும். ஒருத்தி இல்லாவிட்டால் அவளுக்கு இரு பக்கமும் நிற்பவர்களுக்குப் பிடிக்கக் கையில்லை, இடைவெளியும் கணக்குத் தப்பும். நிகழ்ச்சிக்கு முந்தைய வாரங்களில் தொடர்ந்து வராத பிள்ளையை அந்த நடனத்திலிருந்து எடுத்துவிடும் உரிமை பல குழுக்களில் ஆசிரியருக்கு உண்டு. காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்திருங்கள், தகவல் மட்டும் முன்கூட்டியே போகட்டும். காலில் சின்ன அடி என்றால் கூட்டிவந்து ஓரமாக உட்கார வையுங்கள், பார்த்தாவது இடங்களை மனதில் வைத்துக்கொள்வாள்.

வகுப்பு உடை எளிமையானது. மகளுக்குக் கறுப்பு லியோடார்டும் (உடலோடு ஒட்டிய ஆடை) டைட்ஸும், சிறு பாவாடை ஒன்றும், பாலே செருப்பும் போதும். முடியைக் கொண்டை போட வேண்டும். மகனுக்கு வெள்ளை டீ ஷர்ட், கறுப்பு டைட்ஸ் அல்லது ஒட்டிய பேன்ட், கறுப்பு பாலே செருப்பு. தொளதொள உடை கூடாது என்பது அழகுக்காக இல்லை. முழங்கால் எங்கே போகிறது என்பது ஆசிரியர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். டைட்ஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'ஸ்கின் கலர்' என்று பட்டியலில் இருப்பது வெளிர் தோலுக்கான நிறம். மேடைக்கு அதைக் கேட்டால், உங்கள் மகளின் நிறத்துக்குப் பொருந்துவதை வாங்கலாமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காவிட்டால் மொத்தமாக ஒரே நிறத்தை வாங்கிவிடுவார்கள்.

பூட்ஸை முதல் ஆண்டே புதிதாக வாங்காதீர்கள். சிவப்புத் தோல் பூட்ஸ் விலை கூடியது, பிள்ளையின் கால் ஆண்டுக்கு ஓர் அளவாவது வளரும். குழுவிலேயே வாடகைக்கோ பழையதாகவோ கிடைக்கும். 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று இரண்டு அளவு பெரிதாக எடுப்பதுதான் பெரிய தவறு. குதிகால் உள்ளே வழுக்கி, சுழலும்போது கணுக்கால் பிசகும். ஒரு தடித்த காலுறையோடு நுனியில் சுண்டுவிரல் அகலம் இடைவெளி இருந்தால் போதும்.

இனி பரதம். கெடாது. ஆனால் முதல் சில மாதம் உடல் குழம்பும், அதை எதிர்பார்த்திருங்கள். முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டியில் எடை கீழே இறங்கி நிற்கிறது, முழுப் பாதம் தரையில் விழுகிறது. உக்ரைனின் நடுப்பகுதியான பொல்தாவா பாணியில் எடை எப்போதும் மேலே தூக்கிய நிலையில் இருக்கும், முன்பாதத்தில் ஓட்டம், தரையை விட்ட கால் நுனிவிரல் வரை நீண்டிருக்கும். பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவில் பழகிய பிள்ளை முதல் நாள் ஓடும் அடியைத் தொம் தொம்மென்று வைப்பாள். பிஹுனெட்ஸ் என்ற அந்த ஓட்டத்தில் முதல் எட்டு நீளம், அடுத்த இரண்டும் குட்டை. நீளம் குட்டை குட்டை, நீளம் குட்டை குட்டை என்று வீட்டுக் கூடத்தில் சத்தமில்லாமல் ஓடச் சொல்லுங்கள். கீழ் வீட்டுக்காரருக்குக் கேட்காமல் ஓடினால் சரியாக ஓடுகிறாள் என்று பொருள். தினோக் என்றால் சின்ன வேலி. வேலியைத் தாண்டுவதுபோல் ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் துள்ளி, இரண்டு சிறு மிதி. விஹிலியாஸ்னிக் என்பதில் ஒரு காலில் தத்திக்கொண்டே மறு காலின் நுனியையும் பிறகு குதியையும் பக்கவாட்டில் தரையில் தொட வேண்டும். குதித்துக்கொண்டே கணுக்காலைத் திருப்புவதால், பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கடைசியாகப் பிடிபடுவது இதுதான்.

பரதம் கற்றதால் வரும் நன்மைகளும் உண்டு. தாளம் உள்ளே இருக்கும், முழங்கால் பாத விரலின் திசையில் திறக்கும். கார்பாத்திய மலைப்பகுதியின் ஹுட்சுல் நடனத்தில் அடிகள் குறுகி வேகமாக விழும், முழங்கால் சற்று மடிந்திருக்கும். அங்கே உங்கள் மகளுக்குக் கால் தானாகப் பேசும். கையும் முகமும்தான் வேறு. இடுப்பில் கை வைக்கும்போது நான்கு விரலும் முன்னே, பெருவிரல் பின்னே. முத்திரைப் பழக்கத்தில் விரல்கள் விறைத்து நிற்கும், அதைத் தளர்த்த வேண்டும். அபிநயத்துக்கு இங்கே வேலை குறைவு, பார்வை அரங்கின் கடைசி வரிசைக்கு மேலே போக வேண்டும், சிரிப்பு இறங்கக்கூடாது. இரண்டு வகுப்பையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். அரைமண்டியில் களைத்த தொடையோடு துள்ளினால் இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயும். பரத குருவிடமும் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு, பின்னால் மேடையில் பார்த்துத் தெரிந்துகொள்ள விடுவது மரியாதையாக இருக்காது.

மகனுக்கு வருவோம். ஆண் பிள்ளைகள் எப்போதும் குறைவு, ஆகவே அவன் வந்தால் குழுவுக்குக் கொண்டாட்டம். சிக்கல் வேறு. அவன் வயதுப் பிள்ளைகள் சிலர் ஆறேழு ஆண்டாக ஆடியிருப்பார்கள். சில குழுக்கள் புதியவர்களைச் சிறு பிள்ளைகளோடு போட்டுவிடும், 10 வயதுப் பையனுக்கு 6 வயதினரோடு நிற்பது சங்கடம். அவன் வயதினரோடு விட்டு, அடிப்படைகளுக்குத் தனியாக அரை மணி சொல்லிக்கொடுக்க முடியுமா, ஆண் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு உண்டா என்று கேளுங்கள். அப்படி ஒன்று உள்ள குழு கொஞ்சம் தூரமாக இருந்தாலும் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

அவன் ஆசைப்படும் குந்தி உதைக்கும் அடிக்குப் பிரிஸ்யாட்கா என்று பெயர். முழங்கால் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. சரியாகச் செய்தால் முதுகு நிமிர்ந்திருக்கும், குதிகால் தரையை விட்டு எழுந்திருக்கும், முழங்கால் பாத விரலுக்கு நேராகத் திறந்திருக்கும். கீழே தங்காமல் உடனே எழுந்து அந்த எழுச்சியில்தான் கால் வெளியே போகும். யூடியூபைப் பார்த்துத் தானாகச் செய்யும் பையன்கள் மூன்று தவறு செய்வார்கள். முன்னால் குனிகிறார்கள், குதிகாலில் 'தொப்'பென்று உட்காருகிறார்கள், கீழே குந்தியபடியே குதிக்கிறார்கள். உடலின் எடை முழுதும் மடிந்த முழங்காலில் விழுவது அப்போதுதான். நல்ல ஆசிரியர் முதல் ஆண்டில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி எழச் செய்வார், எண்ணிக்கையும் குறைவாக இருக்கும். முதல் மாதமே ஓர் ஆசிரியர் முப்பது நாற்பது போடச் சொன்னால் அந்த வகுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

10 முதல் 14 வயது வரை எலும்பு வேகமாக வளரும் பருவம். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள மேட்டில் வலி, தொட்டால் நோவு, படியேறினால் கூடுவது என்றால் அது வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வருவது. 8, 9 வயதிலிருந்தே குதிகாலின் பின்புறத்திலும் இதே காரணத்தால் வலி வரலாம். துள்ளலையும் குந்தலையும் சில வாரம் நிறுத்தி, வகுப்புக்குப் பின் 15 நிமிடம் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். நொண்டினாலோ, வீங்கினாலோ, இரவில் வலித்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். தரையையும் பாருங்கள். மரத் தளம் நல்லது, கான்கிரீட் மேல் நேராக ஓடு பதித்த தளம் துள்ளலுக்கு ஆகாது. பதிவு செய்யுமுன் மண்டபத்துக்குள் போய் ஒருமுறை குதித்துப் பாருங்கள், மரம் லேசாகக் கொடுப்பது காலுக்கே தெரியும்.

உடுப்பு பெரும்பாலும் குழுவின் சொத்து. பெண் பிள்ளையின் பொல்தாவா உடுப்பில் பூவேலை செய்த வெள்ளைச் சட்டை, உள்பாவாடை, பாவாடை, முன்துணி, கெர்செட்கா என்ற மேல்கச்சை, இடைக்கச்சு, மணிமாலைகள், ரிப்பன் தொங்கும் பூ வளையம், சிவப்பு பூட்ஸ் எல்லாம் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் துவைக்கக்கூடாது. பூவேலையின் சிவப்பு நூல் வெந்நீரில் சாயம் விட்டு வெள்ளைச் சட்டை முழுதும் இளஞ்சிவப்பாகிவிடும், அதன் பிறகு எந்த மருந்தாலும் மீளாது. வியர்வைச் சட்டையை இரவே தொங்கவிட்டுக் காற்றாட வையுங்கள், கறை இருந்தால் ஆடைப் பொறுப்பாளரிடம் காட்டிக் கொடுங்கள். பூட்ஸையும் வெள்ளைப் பாவாடையையும் ஒரே பையில் வைத்தாலும் சிவப்பு ஒட்டும்.

மகனுக்கு ஷராவரி என்ற தொளதொளப்பான கால்சட்டை. அதன் மேல் சுற்றும் கச்சை நீளமானது. அதை ஒருவர் தனியாகக் கட்ட முடியாது. ஒரு முனையைப் பெரியவர் கச்சையின் நீளத்துக்குத் தள்ளி நின்று இழுத்துப் பிடிக்க, பையன் மறுமுனையை இடுப்பில் அழுத்திக்கொண்டு சுழன்று சுழன்று அவரிடம் வந்து சேர வேண்டும். மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு சுற்றினால் மேடையில் அவிழும், சாதாரணமாக மூச்சு விட்டபடி சுற்ற வேண்டும். வேட்டி கட்டத் தெரிந்த தகப்பனாருக்கு இந்த இறுக்கக் கணக்கு உடனே பிடிபடும். நிகழ்ச்சிக்கு முன் வீட்டில் நான்கைந்து முறை பழகுங்கள்.

தலைமுடிதான் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பே எண்ணெய் வைப்பதை நிறுத்திவிடுங்கள். எண்ணெய்த் தலையில் ஹேர்பின் நிற்காது. பூ வளையத்தின் ரிப்பன்கள் எல்லாம் பின்னால் தொங்குவதால் ஒவ்வொரு சுழலிலும் அது பின்னோக்கி இழுபடும், மூன்றாவது சுழலில் கழுத்துக்கு வந்துவிடும். கழுத்துப் பட்டியின் பூவேலையில் எண்ணெய்க் கறையும் ஏறும். முதல் நாள் தலைக்குக் குளிக்க வைத்து, மறுநாள் முடி லேசாக ஈரமாக இருக்கும்போது ஜெல் தடவி, ஆசிரியர் சொன்னபடி பின்னுங்கள். வளையத்தை நெற்றி முடியின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் பின்னால் வைத்து, எலாஸ்டிக்கைப் பின்னலுக்குக் கீழே கொடுங்கள். இரு காதுக்கும் மேலே, உச்சியில், பின்னே என்று நான்கு இடத்தில் ஒவ்வொன்றிலும் இரண்டு பின்களை எக்ஸ் வடிவில் குறுக்காகக் குத்துங்கள். தலையை ஆட்டச் சொல்லிப் பாருங்கள். தோல் இழுபடுவதுபோல் இருந்தால் சரி, வலித்தால் ஒரு பின்னை மாற்றுங்கள்.

கொலுசைக் கழற்றிவிட வேண்டும், பூட்ஸுக்குள் அது தோலை அறுக்கும். தோடு, வளையலும் அப்படியே. மணிமாலை மாட்டிக்கொண்டால் காது கிழியும். கோயிலில் கட்டிய கயிற்றைக் கழற்ற மனமில்லை என்றால் தோல் நிற டேப்பால் மூடலாமா என்று முன்பே கேளுங்கள். பொட்டும் அப்படித்தான். 16 பிள்ளைகள் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டிய மேடை அது, நகப்பூச்சுகூட யாருக்கும் அனுமதி இல்லை. அன்று காலை திடீரென்று சொல்லாமல் ஒரு வாரம் முன்பே மகளிடம் விளக்கிவிட்டால் அழுகை வராது.

நிகழ்ச்சி நாளுக்கான பையில் ஊக்கு, கூடுதல் பின்கள், வெள்ளை, சிவப்பு நூல் கோத்த ஊசி, இரண்டாவது டைட்ஸ், உடுப்புக்கு மேல் போட அப்பாவின் பழைய முன்பட்டன் சட்டை ஒன்று ஆகியவை இருக்கட்டும். குடிக்கத் தண்ணீர் மட்டும், ஜூஸ் வேண்டாம். தின்ன உலர்ந்த பிஸ்கட் அல்லது ஆப்பிள் துண்டு. சாக்லேட்டும் ஆரஞ்சு நிறச் சிப்ஸும் அந்த வெள்ளைச் சட்டைக்கு எமன். உடுப்பு மாட்டியபின் தரையில் உட்காரக்கூடாது. ஒப்பனை அறையில் பொறுப்புப் பெற்றோர் மட்டும் இருப்பார்கள். உங்களை உள்ளே விடவில்லை என்று வருந்தாதீர்கள், அறுபது பிள்ளைகளுக்கு அறுபது அம்மாக்கள் வந்தால் நடக்க இடமிருக்காது. அரங்கில் ஃப்ளாஷ் போடாதீர்கள். சுழன்று இறங்கும் பிள்ளையின் கண் ஒரு கணம் இருண்டால் அடுத்த எட்டு எங்கே என்று தெரியாது.

நிகழ்ச்சி பெரும்பாலும் பிரிவித் என்ற வரவேற்பில் தொடங்கும், பூவேலைத் துணியின்மேல் ரொட்டியும் உப்பும் ஏந்தி வருவார்கள். முடிவு ஹோபக் என்ற துள்ளல் நடனம். சிறு பிள்ளைகளையும் கடைசியில் மேடைக்கு அழைப்பார்கள், ஆகவே மகளின் நடனம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி: நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால், உருளைக்கிழங்குப் பிரோஹியின் உள்ளே இறைச்சி இல்லாவிட்டாலும் மேலே பன்றிக் கொழுப்புத் துண்டுகளை வெங்காயத்தோடு வதக்கிப் போடும் வழக்கம் உண்டு. ஹோலுப்சி என்ற முட்டைக்கோஸ் சுருளில் வெறும் அரிசியும் இருக்கலாம், இறைச்சியும் இருக்கலாம். பரிமாறுபவரிடம் கேட்டுவிடுங்கள், தவறாக நினைக்க மாட்டார்கள். வகுப்பு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தாலும் பெரும்பாலும் அது வாடகை இடம்தான். சில குழுக்கள் திருச்சபையோடு சேர்ந்தவை, அங்கே ஆண்டில் ஓரிரு வழிபாட்டு நிகழ்ச்சிகளில் ஆடச் சொல்வார்கள். பதிவாளரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

ஒரு வார்த்தையைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இதை 'ரஷ்ய நடனம்' என்று யாரும் அறியாமல்கூடச் சொல்லிவிடக் கூடாது. 2022க்குப் பிறகு ரஷ்யா தொடுத்த போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். சிலரின் அப்பா இன்னும் அங்கேதான் இருப்பார். ஊரைவிட்டு வந்தவர்களின் மொழியும் ஆட்டமும் அவர்களுக்கு என்னவாக இருக்கும் என்பது தமிழ் வீடுகளுக்குத் தெரியாததல்ல. அப்பா எங்கே, வீடு எப்படிப் போனது என்று உங்கள் பிள்ளைகள் துருவிக் கேட்காமல் இருந்தால் போதும். 'தியாகுயு' என்றால் நன்றி. வகுப்பு முடிந்ததும் ஆசிரியரிடம் அதைச் சொல்லிவிட்டு வரப் பழக்குங்கள்.

போட்டி விழா வந்தால், நடுவர் ஒவ்வொரு நடனத்துக்கும் மதிப்பெண்ணும் குறிப்பும் தருவார். முதல் ஆண்டில் பதக்கத்தைப் பார்க்காமல் குறிப்பைப் பாருங்கள். வரிசை கோணுகிறது, நுனிக்கால் நீளவில்லை என்று எழுதியிருந்தால் அடுத்த ஆண்டு வீட்டில் எதைப் பழக வேண்டும் என்பது கையில் கிடைத்துவிட்டது. வெளியூர் விழா என்றால் ஓட்டல், எரிபொருள், நுழைவுக் கட்டணம் எல்லாம் உங்கள் செலவு. ஆண்டுக்கு எத்தனை விழா, அதில் எத்தனை கட்டாயம் என்பதையும் செக் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

பல குழுக்கள் செப்டம்பர் முதல் வாரங்களில் ஒரு வகுப்பை இலவசமாக முயன்று பார்க்க விடுகின்றன. இரு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கதவோரமாக நின்று இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள்: தவறு செய்த பிள்ளையை ஆசிரியர் எப்படித் திருத்துகிறார், கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரிகிறதா. போகும்போது பாலே செருப்பு இல்லாவிட்டால் பரவாயில்லை, வழுக்காத காலுறையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.